குச்சிக்கிழங்கும் ஆயாவோட ஜவ்வரிசியும்

டிஸ்கி: கொசுவத்தி சுத்துற பதிவு. நடுவுல கொஞ்சம் சரித்திரப் பாடமும் வரும். பொறுத்தருள்க.

எங்க ஆபீஸ்ல புனேக்காரப் பய ஒருத்தன் இருக்கான். மாசத்துல ரெண்டு நாள் விரதம்னு சொல்லுவான். விரதம்னா பட்டினின்னுதான் நான் நினைச்சேன். நம்மாளு ஒரு பெரிய டப்பா நிறைய சாபுதானா கிச்சடி கொண்டாந்து, வேர்க்கடலையும் பச்சை மிளகாயும் மணக்க மணக்க உட்கார்ந்து சாப்பிடுவான். ஒரு நாள் எனக்கும் ரெண்டு ஸ்பூன் வச்சுட்டு, "இது எங்க ஊரு சாப்பாடு. உங்களுக்கு இட்லி தோசையை விட்டா என்ன தெரியும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டான். சும்மா விட முடியுமா? நாளைக்கு வீட்ல இருக்கற பாக்கெட்டோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துட்டு வாடான்னேன். எடுத்துட்டு வந்தான். பொடி எழுத்துல சேலம்னு போட்டிருந்தது. அன்னிக்கு முழுக்க பய என்கிட்ட பேசலை.

ஜெயிச்சாச்சு. ஆனா ராத்திரி படுத்துட்டு யோசிச்சா, ஜவ்வரிசி எங்க ஊருதுன்னு நான் மார்தட்டுறதும் பாதி பொய்தான். அது எங்க ஊருக்கு வந்ததே எங்க ஆயா சின்னப் புள்ளையா இருந்தப்போதான். (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். ஆத்தூர்ப் பக்கம்.)

முதல்ல வத்தல் கதையைச் சொல்லிடறேன்.

முழுப்பரீட்சை லீவு விட்டு ரெண்டாவது வாரம் எங்க வீட்ல ஜவ்வரிசி வத்தல் போடுவாங்க. முந்தின நாள் ராத்திரியே ஜவ்வரிசியைக் கழுவி ஊற வச்சுடுவாங்க ஆயா. காலைல நாலு மணிக்குக் கொல்லைப்புறத்துல விறகடுப்பு மூட்டி, அலுமினியக் குண்டாவுல தண்ணி கொதிக்க வச்சு, ஊறினதைக் கொட்டிக் கிண்டணும். பச்சை மிளகாயையும் உப்பையும் ஆட்டுக்கல்லுல அரைச்சு ஊத்துவாங்க. ஒரு கை சீரகம். வெள்ளை முத்தெல்லாம் கண்ணாடியாகி, நடுவுல மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும். அதுவும் மறையறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி அடுப்பை இழுத்துடுவாங்க. கடைசியா எலுமிச்சம்பழம். அந்தக் கூழை ஒரு டம்ளர்ல ஊத்தி எங்களுக்குத் தருவாங்க பாருங்க, வாய் வெந்தாலும் பரவாயில்லைன்னு குடிப்போம். பொரிச்ச வத்தலைவிட எனக்கு அந்தக் கூழ்தான் இஷ்டம், இன்னிக்கு வரைக்கும்.

வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டை மாடியில தாத்தாவோட பழைய வேட்டியை விரிச்சு, நாலு மூலையிலயும் செங்கல் வச்சு, கரண்டி கரண்டியா ஊத்துவாங்க. காக்கா ஓட்டுற வேலை எங்களுக்கு. கருப்புக் குடையை விரிச்சு வச்சுட்டா காக்கா வராதுன்னு ஒரு நம்பிக்கை. எங்க ஊர்க் காக்காய்க்கு அது தெரியாது போல, குடை மேலயே வந்து உட்காரும். காக்கா தின்னதைவிட நாங்க தின்னதுதான் அதிகம்னு வைங்க. மத்தியானம் மூணு மணிக்கு மேல பாதி காஞ்சும் காயாமலும், ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல சவ்வு மாதிரியும் இருக்கும். அந்தப் பதத்துல பிய்ச்சுத் தின்னவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சு எடுப்பாங்க ஆயா. எண்ண மாட்டாங்க. ஆனா எத்தனை குறைஞ்சிருக்குன்னு கரெக்டா தெரியும்.

ஆயாவுக்கு ஜவ்வரிசின்னா ஒரு மரியாதை. விருந்தாளி வந்தாதான் ஜவ்வரிசிப் பாயசம். பொங்கலுக்கு, புள்ளைக பொறந்த நாளைக்கு, பொண்ணு பார்க்க வந்தா. "ஜவ்வரிசி போட்டுப் பாயசம் வச்சோம்"னு அவங்க சொல்ற தொனியிலயே அது பெரிய எடத்துச் சமாச்சாரம்னு புரியும்.

அதே ஆயா குச்சிக்கிழங்கைத் தொடக்கூட மாட்டாங்க.

(மத்த ஊர்க்காரங்களுக்கு: நீங்க மரவள்ளின்னும் கப்பைன்னும் ஏழிலைக்கிழங்குன்னும் சொல்றதைத்தான் நாங்க குச்சிக்கிழங்குன்னு சொல்றோம். குச்சியை வெட்டி நட்டா முளைக்கும், அதனால.) எங்க ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் குச்சிக்கிழங்குக் காடுதான். உப்புப் போட்டு வேக வச்சு, தேங்காயும் வெல்லமும் சேர்த்து அம்மா தட்டுல வைப்பாங்க. நாங்க அடிச்சுக்கிட்டுத் தின்போம். ஆயா எந்திரிச்சு வாசல் திண்ணைக்குப் போயிடுவாங்க. வேகுற வாசனையே ஆகாது. வாயுத் தொந்தரவுன்னு வீட்ல எல்லாரும் சொல்லிக்குவோம். அவங்களும் அப்படியே சொல்லிக்குவாங்க.

ஒன்பதாவது படிக்கறப்போ எனக்கு ஒரு மாபெரும் ஞானோதயம். ஸ்கூல்ல பக்கத்துல இருந்த சேகோ ஆலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. லாரியில கிழங்கு வந்து குவியுது. தோலைச் சீவறாங்க, தண்ணியில கழுவறாங்க, மிஷின்ல போட்டு அரைக்கறாங்க. அரைச்சதைச் சல்லடையில தண்ணி விட்டு அலசினா பால் மட்டும் கீழே ஓடுது. மேலே நிக்கற சக்கை பேரு திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பால் தொட்டியில மணிக்கணக்கா நின்னா மாவு அடியில இறுகிடும். மேல் தண்ணியை வடிச்சுட்டு, ஈர மாவை உடைச்சு, குலுக்குற மிஷின்ல போட்டா உருண்டு உருண்டு முத்தாகுது. அப்புறம் சூடான தட்டுல வறுத்து, சிமெண்டுக் களத்துல வெயில்ல காயப் போடறாங்க. வறுக்காம ஆவியில வேக வச்சா அது நைலான் ஜவ்வரிசி. அந்தத் தொட்டித் தண்ணியோட புளிச்ச நாத்தம் இருக்கே... எங்க ஊர்ப் பக்கம் பஸ்ல போனவங்க மூக்கைப் பிடிச்சிருப்பீங்க. எங்களுக்கு அது ஊர் வந்துடுச்சுன்னு சொல்ற வாசனை.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து ஆயாகிட்ட, "நீ பெருமையா திங்கற ஜவ்வரிசியும் குச்சிக்கிழங்கும் ஒண்ணுதான் ஆயா! என் கண்ணால பார்த்துட்டு வந்தேன். இனிமே பாயசமும் குடிக்காதே"ன்னு கைகொட்டிச் சிரிச்சேன். அவங்க ஒண்ணும் ஆச்சரியப்படலை. ஊர்ல பாதிப் பேர் சேகோ ஆலையில வேலை செஞ்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா என்ன? "ரெண்டும் ஒண்ணு இல்ல சாமி"ன்னாங்க. "ஒண்ணுதான்"னேன். "இல்ல"ன்னாங்க. அவ்வளவுதான். ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டாங்க. அம்மா என்னைத்தான் திட்டுனாங்க, ஏன்னு அவங்களுக்கும் தெரியலை.

இப்ப கொஞ்சம் சரித்திரம்.

உண்மையான சேகோ குச்சிக்கிழங்குல இருந்து வர்றதே இல்ல. அது கீழ்த்திசைத் தீவுகள்ல வளர்ற ஒரு பனை ஜாதி மரம். சேகோங்கற பேரே மலாய் மொழியில அந்த மரத்துக்கு உள்ள சகுங்கற சொல்தான். மரத்தை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கற சோத்தைத் துருவி, தண்ணியில அலசி மாவு எடுப்பாங்க. 13ம் நூற்றாண்டு முடியறப்போ சுமத்ரா பக்கம் போன மார்க்கோ போலோ, மரத்துக்குள்ளே மாவு இருக்கற அதிசயத்தைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். 19ம் நூற்றாண்டுல சிங்கப்பூர்ல இந்த மாவை முத்து முத்தா உருட்டி ஊரெல்லாம் ஏத்துமதி பண்ணினாங்க. மலாயாவுலயும் ஜாவாவுலயும் மரவள்ளி மாவுலயே அதே மாதிரி முத்து உருட்டவும் ஆரம்பிச்சாங்க. அப்படிக் கப்பல்ல வந்ததுதான் நம்ம ஊரு ஜவ்வரிசி. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆச்சுன்னு சொல்றவங்க உண்டு. சவ்வு மாதிரி இழுக்கறதால சவ்வரிசின்னு சொல்றவங்களும் உண்டு. எதுவோ ஒண்ணு. சீமைச் சரக்கு, காசு இருக்கறவங்க வாங்குற சரக்கு. ஆயாவோட மரியாதைக்கு அர்த்தம் அங்கேயே பாதி கிடைச்சுடுது.

கிழங்கு வந்த வழி வேற. மரவள்ளி தென் அமெரிக்காச் செடி. போர்ச்சுகீசியர் மூலமா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. (இது தெரிஞ்சப்புறம் புனேக்காரனை ஒரு கேள்வி கேட்டேன். கப்பலேறி வந்த கிழங்கை விரதத்துக்குச் சாப்பிடலாம்னு எந்த ரிஷிடா எழுதி வச்சார்? தானியம்தான் கூடாது, கிழங்கு கூடும்னு பதில் வந்தது. வசதியான விரதம்!) திருவிதாங்கூர்ல 1880லேருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடச் சொல்லி ரொம்ப ஊக்கப்படுத்தினார். ஜனங்க பயந்தாங்களாம், அதனால அரண்மனையிலயே பரிமாறச் சொன்னார்னு ஒரு கதை உண்டு. பயத்துக்குக் காரணம் இருக்கு. மரவள்ளியில சயனைடா மாறக்கூடிய ஒரு சமாச்சாரம் இருக்கு. கசப்பு ஜாதியில அதிகம், இனிப்பு ஜாதியில குறைச்சல். மழை இல்லாத வருஷம் செடி வாடினா அது இன்னும் ஏறும். தோலை எடுத்து, நறுக்கி, ஊற வச்சு, திறந்த பாத்திரத்துல நல்லா வேக வச்சுத் தண்ணியைக் கொட்டினா போயிடும். அவசரப்பட்டா போகாது.

அப்புறம் வந்தது ரெண்டாம் உலகப்போர். 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு. மார்ச்சுல ரங்கூன். அதே மார்ச்சுல ஜாவா. ஒரே மாசத்துக்குள்ள நம்ம ஊருக்கு ரெண்டு விஷயம் நின்னு போச்சு: பர்மா அரிசி, சீமை ஜவ்வரிசி. பர்மா அரிசியை நம்பி இருந்த திருவிதாங்கூர், கொச்சிப் பக்கமெல்லாம் அடி பலம். கப்பைதான் உசுரைக் காப்பாத்திச்சு. 1943ல வங்காளத்துல லட்சக்கணக்கான ஜனங்க பட்டினியில செத்தாங்க. அதே வருஷம் மதராஸ் நகரத்துல அரிசிக்கு ரேஷன் வந்தது.

ஜவ்வரிசி நின்னு போனதுல சேலத்துல ஒருத்தருக்கு யோசனை வந்தது. மாணிக்கம் செட்டியார்னு பேரு. வியாபார விஷயமா அடிக்கடி கேரளா போய் வந்தவர். அங்கே பினாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாங்கறவரோட பழக்கம். ஷாவுக்கு முத்து உருட்டுற வித்தை தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து 1943ல சேலத்துல குடிசைத்தொழில் மாதிரி ஆரம்பிச்சாங்க. கிழங்கை இடிச்சு, பாலை வடிகட்டி, மாவைத் துணியில போட்டுக் குலுக்கி உருட்டி, வாணலியில வறுத்தாங்க. பின்னாடி வெங்கடாசலக் கவுண்டர்ங்கற சேலத்து மெக்கானிக் அதுக்கு மிஷின்களைப் பண்ணிக் கொடுத்தார். இஞ்சினியரிங் காலேஜ் வாசல் மிதிச்ச மனுஷனா தெரியலை. நாலு வருஷம் படிச்சுட்டு அடுத்தவன் எழுதின கோடுல தப்பு கண்டுபிடிக்கற நானெல்லாம் இந்த இடத்துல கொஞ்சம் அடக்கமா நகர்ந்துடறேன்.

1944ல ஒரு சிக்கல். நாடு முழுக்கப் பஞ்சம், கிழங்கு ஜனங்க வயித்துக்கு வேணும், அதனால கிழங்குல இருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கக்கூடாதுன்னு சேலம் கலெக்டர் தடை போட்டார்னும், உற்பத்தியாளர்கள் சங்கம் வச்சு முறையிட்டுத் தடையை நீக்க வச்சாங்கன்னும் அந்தத் தொழில்காரங்க தங்களோட வரலாறா சொல்றாங்க. இதை முதல் தடவை படிச்சப்போ ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன். ஒரே கிழங்கு. ஒருத்தன் அதைப் பாயசத்துக்கு முத்தாக்கணும்ங்கறான். இன்னொருத்தன் அப்படியே வேக வச்சுப் புள்ளைக்குக் கொடுக்கக் காத்துட்டு நிக்கறான். ரெண்டு பேரும் ஒரே ஜில்லாக்காரன். தொழில்காரங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. அந்தத் தொழில்தான் எங்க தாத்தாவுக்குச் சம்பளமும் எங்க அப்பாவுக்குப் படிப்பும் கொடுத்தது. ஆனா அந்த வருஷம் கலெக்டர் போட்ட உத்தரவு எனக்குத் தப்பாவும் தெரியலை.

ஆயாவுக்கு அப்போ எட்டு வயசு இருக்கும்.

அவங்க இதை என்கிட்ட சொன்னது ரொம்ப வருஷம் கழிச்சு. நான் காலேஜ் மூணாவது வருஷம் லீவுக்கு வந்திருந்தேன். கரண்ட் போயிடுச்சு, திண்ணையில உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்ல கிழங்கு வேகுற வாசனை வந்தது. வழக்கம்போல எந்திரிச்சுப் போவாங்கன்னு பார்த்தா, முட்டி வலியில எந்திரிக்கலை. அங்கேயே இருந்துட்டாங்க. நானா எதுவும் கேட்கலை.

"எனக்குப் பொறவு ஒருத்தன் இருந்தான்"னாங்க.

எங்க வீட்ல யாருக்குமே தெரியாது. எங்க அப்பாவுக்குக்கூட. ஆயாவுக்கு ரெண்டு அக்கா மட்டும்தான்னுதான் நாங்க கேள்விப்பட்டிருந்தோம். எங்க பக்கம் நெல்லு கம்மி, கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் அப்போ சாப்பாடு. அந்த வருஷம் மழை இல்லையாம், அதுவும் விளையலை. கடையில தானியம் கிடைக்கலை, கிடைச்சாலும் வாங்கக் காசு இல்லை. மூணு மாசம் காலையும் ராத்திரியும் குச்சிக்கிழங்குதான். உப்புக்கூட அளந்துதான். ஒரு நாள் அம்மா காட்டு வேலைக்குப் போயிருக்காங்க, அக்காக்களும் கூடப் போயாச்சு. தம்பி பசின்னு அழுதிருக்கான். யாரோ தோட்டத்துல இருந்து கொடுத்த கிழங்கை ஆயாவே அடுப்பு மூட்டி வேக வச்சுக் கொடுத்திருக்காங்க. எட்டு வயசுப் புள்ளை. எவ்வளவு நேரம் வேகணும், தண்ணியைக் கொட்டணுமா வேண்டாமான்னு என்ன தெரியும்? தம்பி தின்னான். இவங்களும் ரெண்டு துண்டு தின்னாங்க. ராத்திரி ரெண்டு பேருக்கும் வாந்தி. காலைல இவங்க எந்திரிச்சாங்க.

"கசந்துச்சு. அவன் கசக்குதுன்னு சொன்னான். நாந்தான் தின்னுடா தின்னுடான்னேன்."

கிழங்குதான் காரணமா, வேற ஏதாவது காய்ச்சலா, யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்துல டாக்டர் வந்து பார்த்துச் சொன்னதா என்ன? இதை நான் அவங்ககிட்ட சொல்லியும் பார்த்தேன். தலையாட்டினாங்க. எழுபது வருஷமா அவங்களும் அதையேதான் தனக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்க. அம்மா ஒரு வார்த்தை திட்டலையாம். அது மட்டும்தான் அவங்களுக்கு ஆறலை. "ரெண்டு அறை அறைஞ்சிருந்தாகூடப் பரவால்ல"ன்னாங்க.

அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ அவங்க அக்கா கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல ஜவ்வரிசிப் பாயசம் ஊத்தியிருக்காங்க. ஆயா முதல் தடவையா அன்னிக்குத்தான் ஜவ்வரிசியைப் பார்த்தாங்க. முத்து முத்தா, கண்ணாடி மாதிரி, வெல்லப் பாகுல மிதந்துட்டு. இது குச்சிக்கிழங்குல பண்ணினதுன்னு பந்தியில யாரோ சொன்னாங்களாம். நம்பவே இல்லையாம். "இதுல கசப்பு இல்லையே"ன்னுதான் தோணுச்சாம்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஒன்பதாங் கிளாஸ்ல கைகொட்டிச் சிரிச்சது ஞாபகத்துக்கு வந்து வந்து போச்சு. அப்புறம் நிதானமா படிச்சுப் பார்த்தா, ஆயா சொன்னதுதான் சரி. அரைச்சு, அலசி, தொட்டியில நிறுத்தி, மேல் தண்ணியை வடிச்சுக் காய வைக்கறதுலயே அந்த விஷமெல்லாம் தண்ணியோட போயிடும். வெறும் மாவுதான் மிச்சம். நான் மூக்கைப் பிடிச்சுட்டு எட்டிப் பார்த்தேனே, அந்தத் தொட்டித் தண்ணியிலதான் எல்லாம் போகுது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

மத்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். போர் முடிஞ்சது. உணவுக் கட்டுப்பாட்டை 1952ல முதலமைச்சரா இருந்த ராஜாஜி எடுத்துவிட்டார். அவரும் சேலத்துல வக்கீலா இருந்து நகரசபைத் தலைவரா ஆனவர்தான். சேகோ ஆலைகள் சேலம், ஆத்தூர், நாமக்கல், ராசிபுரம்னு பரவிச்சு. இடைத்தரகர் தொல்லை தாங்காம உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1981ல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. மூட்டைகள் பெரும்பாலும் போறது மகாராஷ்டிரா, குஜராத், வங்காளம்னு வடக்கேதான். நம்மாளுங்க சாப்பிடறது கொஞ்சம்தான். 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு ஊர் வாட்ஸப் குரூப்ல ஒரே பட்டாசு. ஆயா அப்போ இல்லை. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க.

அவங்க போன வருஷம் வத்தல் போடலை. அடுத்த வருஷம் அம்மா போட்டாங்க. எனக்குக் கொரியர்ல ஒரு டப்பா வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், எலுமிச்சை கம்மி. நான் நல்லா இருக்குன்னுதான் போன்ல சொன்னேன். "பொய் சொல்லாதே, அவங்க கை எனக்கு வராது"ன்னாங்க அம்மா.

ஆயாவோட வருஷ திதிக்கு அவங்களுக்குப் பிடிச்சதெல்லாம் இலையில வைக்கணும்னு பேச்சு வந்தப்போ, பாயசம்னு எல்லாரும் சொன்னாங்க. தம்பி விஷயத்தை நான் அன்னிக்குத்தான் வீட்ல சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் எந்திரிச்சுப் போய், பாயசத்துல இன்னொரு டம்ளர் ஊத்திக் கொண்டாந்து, இலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன வாழைத்துண்டைப் போட்டு அது மேல வச்சார். பேர் என்னன்னு கேட்டார். ஆயா சொல்லவே இல்லை, நானும் கேட்கலை.

புனேக்காரனுக்கு ஒரு டப்பா வத்தல் கொடுத்திருக்கேன். விரதத்துக்குப் பொரிச்சுச் சாப்பிடலாமான்னு அவங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னான். பச்சை மிளகாய் கூடும், சீரகம் கூடுமா கூடாதாங்கறதுல அவங்க வீட்ல இன்னும் பஞ்சாயத்து நடக்குது.